ஏழு தந்தி கண்ட மைசூர் சௌடய்யா

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் சௌடய்யா நினைவு மண்டபத்தை அறியாத குடும்பம் ஒன்றேனும் உண்டோ? மல்லேசுவரத்தை அடுத்த வயாலிக்காவல் பகுதியில், பெரியதொரு வயலினைத் தரையிற் கிடத்தினாற்போலத் தோன்றும் அம்மண்டபத்தினுள் நம் பெண்மக்களின் நடன அரங்கேற்றங்களைக் கண்டு மகிழ்ந்திருக்கிறோம்; பாட்டுக் கச்சேரிகளையும் நாடகங்களையும் கண்டு களித்திருக்கிறோம். நம்முடன் வரும் சிறுவர் சிறுமியர் வாயிலில் நின்று அண்ணாந்து நோக்கி, இது யாருடைய வயலின் என்று வினவுவதும் உண்டு. வயலினுக்கு நான்கு தந்திகள் என்று பாடசாலையிற் கற்ற பிள்ளை, இதற்கு ஏன் ஏழு தந்திகள் என்று மேலும் ஒரு வினாவை எழுப்பினால், பெற்றோருள் பலர் விடை கூற இயலாது புன்முறுவலுடன் உள்ளே அழைத்துச் சென்றுவிடுவர்.

அவ்விரண்டு வினாக்களுக்கும் விடை ஒன்றே. அது ஒரு மனிதரின் வாழ்க்கை. அவர் யார், அவர் செய்த அருஞ்செயல் யாது, அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னர் பழைய இசைத்தட்டுகளிலிருந்து அவரது நாதத்தை மீண்டும் எழுப்ப விரும்பும் இளைஞர் எதனைத் தேடுதல் வேண்டும் என்பவற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முக்கூடலில் பிறந்தவர்

மைசூருக்கு அண்மையில் திருமகூடலு நரசீபுரம் என்றோர் ஊர் உண்டு. காவிரியும் கபிலையும் அங்கே கலக்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத மூன்றாவது நீர்நிலையும் அவற்றுடன் கூடுவதாக அவ்வூரார் நம்புவர். திருமகூடலு என்னும் கன்னடப் பெயரை நம் மொழியிற் சொல்வதாயின் திருமுக்கூடல் என்று சொல்லிவிடலாம். கூடல் என்பது இரு மொழிக்கும் பொதுவான சொல்லே.

அவ்வூரில், உழவர் குடியொன்றில், 1895-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள் சௌடய்யா பிறந்தார். பிற்காலத்தில் அவர் தாமே கீர்த்தனைகள் இயற்றியபோது, திரிமகுட என்று தம் ஊரின் பெயரையே முத்திரையாக வைத்துக்கொண்டார். பட்டங்களும் பதக்கங்களும் குவிந்த பின்னரும் பிறந்த மண்ணை மறவாத பண்பு அதனால் விளங்கும்.

அவரது ஊரை நனைத்துச் செல்லும் காவிரியே பின்னர்த் திருவரங்கத்தையும் திருவையாற்றையும் கும்பகோணத்தையும் தொட்டுச் செல்கிறது. தமிழகத்தின் இசைக்கு உரமூட்டிய மண் அக்காவிரிப் படுகையே என்பதை நாம் அறிவோம். ஒரே ஆற்றின் மேற்கரையிற் பிறந்தவர் கீழ்க்கரையின் இசையரங்குகளையெல்லாம் வென்றார் என்பது எண்ணி மகிழத்தக்கது. அவ்வாற்று நீரைக் குறித்து இரு நாட்டாரும் மனங்கசந்து நின்ற காலங்களை நம்மிற் பலர் இந்நகரிலேயே கண்டிருக்கிறோம். அக்காலங்களிலும் அந்த மண்டபத்தின் பெயருக்குரியவரைத் தமிழர் அயலார் என எண்ணியதில்லை.

அயல்நாட்டுக் கருவி நம் கருவியான விதம்

சௌடய்யாவின் தொண்டினை உணர்வதற்கு முன், அவர் கையில் ஏந்திய கருவியின் வரலாற்றைச் சிறிது அறிதல் நலம். வயலின் நம் நாட்டில் தோன்றியதன்று. அது ஐரோப்பியருடன் கப்பலேறி வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசுவாமி தீட்சிதர், ஐரோப்பிய இசைக் குழுவினரிடமிருந்து அதனைக் கற்று, நம் இராகங்களுக்கு ஏற்றவாறு வாசித்துக் காட்டினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அக்கருவியில் வல்லவராய் விளங்கினார். நின்றுகொண்டு தோளில் ஏந்தி வாசித்த கருவியை நம்மவர் தரையில் அமர்ந்து, மார்புக்கும் காலுக்கும் இடையே நிறுத்தி வாசிக்கலாயினர். விரல் தந்தியின்மேல் வழுக்கிச் செல்லும் இயல்பினால், நம் கமகங்களை வாய்ப்பாட்டுப் போலவே அது பேசிக்காட்டியது. நூறாண்டுகளுக்குள், வயலின் இல்லாத கச்சேரியே இல்லை என்னும் நிலை ஏற்பட்டது.

பிறந்த நாட்டை விட்டு வந்த கருவி, வந்த நாட்டின் மொழியைக் கற்றுக்கொண்டு அந்நாட்டின் கருவியாகவே ஆகிவிட்டது. இந்நகரில் குடியேறி வாழும் நமக்கு இவ்வரலாறு ஒரு பாடமும் ஆகும்.

நெடிய குருகுலம்

1910-ஆம் ஆண்டில், பதினைந்து வயதுச் சிறுவரான சௌடய்யா, மைசூரில் புகழுடன் விளங்கிய பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் மாணவராய்ச் சேர்ந்தார். கிருஷ்ணப்பா மைசூர் அரண்மனை வித்துவான், வாய்ப்பாட்டில் வல்லவர். தாசர்களின் பாடல்களைக் கச்சேரி மேடைக்குக் கொணர்ந்த பெருமையும் அவருக்கு உண்டு. இசைக்கெனவே மைசூரில் ஒரு சீதாராம மந்திரத்தையும் எழுப்பினார். மாணவரிடத்தில் மிகக் கண்டிப்புடையவர் என்று பெயர் பெற்றவர்.

ஒன்றிரண்டு ஆண்டுகள் கற்று மேடையேற விழையும் இக்காலத்தாருக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்றுண்டு. சௌடய்யா அவரிடம் கற்றது பல ஆண்டுகள். விடியலுக்கு முன் எழுந்து சாதகம் செய்தலும், ஒரே வர்ணத்தைப் பல காலங்களில் அலுப்பின்றி வாசித்தலும், ஆசிரியர் பாடும்போது அவரது குரலின் ஒவ்வோர் அசைவையும் வில்லினால் தொடர்தலும் அவருக்கு அன்றாடக் கடமைகளாயின.

அவருடைய ஆசிரியர் வயலின் வித்துவான் அல்லர், பாடகர். எனவே சௌடய்யா கற்றது வயலின் வாசிப்பை மட்டுமன்று. பாட்டையே அவர் வயலினிற் கற்றார். பாடுவோர் எங்கே மூச்சு வாங்குவர், எந்தச் சொல்லில் அழுத்தம் தருவர், எவ்விடத்தில் குரல் தளரும், எவ்விடத்தில் துணை வேண்டும் என்பனவெல்லாம் அவருக்கு உள்ளங்கை நெல்லிக்கனியாயின. பின்னாளில் அவரைப் பக்க வாத்தியமாகக் கொண்டு பாடிய பெரும் பாடகர்கள் பெற்ற பயன் அந்த ஆண்டுகளில் விளைந்ததேயாகும்.

ஏழு தந்தி பிறந்த காரணம்

ஒலிபெருக்கி இல்லாத காலத்தை இன்றைய இளைஞர் மனக்கண்ணிற் காணுதல் அரிது. 1920-களில் இசைக் கச்சேரிகள் அரண்மனைகளையும் செல்வர் இல்லங்களையும் கடந்து, கோயில் பந்தல்களுக்கும் பொது மண்டபங்களுக்கும் பரவிவிட்டன. நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் மக்கள் கூடினர். பாடகர்கள் உச்சமான சுருதியை வைத்துக்கொண்டு, தொண்டையின் வலிமையாலேயே கடைசி வரிசையை எட்ட முயன்றனர். மிருதங்கம் தானே முழங்கிவிடும். நடுவிலே அமர்ந்திருந்த வயலினோ, முன்வரிசையில் அமர்ந்தவருக்கு மட்டுமே தெளிவாகக் கேட்டது. பின்வரிசையில் இருந்தோர் வில்லின் அசைவைக் கண்டனரேயன்றி நாதத்தைக் கேட்டிலர்.

இக்குறை சௌடய்யாவின் உள்ளத்தை உறுத்தியது. காசு கொடுத்து வந்தவராயினும், வேலியோரத்தில் நின்று கேட்பவராயினும், கடைசி மனிதருக்கும் தம் வாசிப்புச் சென்று சேர வேண்டும் என்று அவர் எண்ணினார். 1927-ஆம் ஆண்டளவில் அவர் கண்ட வழியே ஏழு தந்தி வயலின். நான்கு தந்திகளுள் மூன்றிற்கு ஒவ்வொரு துணைத் தந்தியைச் சேர்த்தார். ஒரு விரல் இரண்டு தந்திகளையும் ஒருங்கே அழுத்தும். ஒரு வில் இரண்டையும் ஒருங்கே உரசும். ஒரு சுரத்திற்கு இரு தந்திகள் சேர்ந்து ஒலித்தமையால், நாதம் பருத்தும் திண்மை பெற்றும் எழுந்தது.

சொல்வது எளிது, செய்வது எளிதன்று. மூன்று பிரடைகளை மிகுதியாகப் பொருத்துதற்குக் கருவியின் தலைப்பகுதியில் இடம் காணுதல் வேண்டும். ஏழு தந்திகளின் இழுவிசையைக் குதிரையும் மேற்பலகையும் தாங்குதல் வேண்டும். இணைத் தந்திகள் இரண்டும் மயிரிழையும் பிசகாது சுருதி சேர்ந்திருத்தல் வேண்டும். சிறிது பிசகினும் நாதம் நடுங்கும். கமகத்திற்காக விரலை வழுக்கும்போதும் இரண்டு தந்திகளின் மேலும் ஒரே அழுத்தம் நிலைபெற வேண்டும். வில்லுக்கும் மிகுந்த வலிமை வேண்டும். அவ்வலிமை கரகரப்பாக மாறாதிருக்க நயமும் வேண்டும். நான்கு தந்திகளை ஆளுதற்கே வாழ்நாள் போதாது என்று பிறர் கூறும்போது, ஏழினை ஆளத் துணிந்த உள்ளத்தை என்னென்பது!

தம் ஆசிரியருக்கு முன்கூட்டி அறிவியாமலே அவருடைய கச்சேரியில் சௌடய்யா இக்கருவியைக் கையாண்டார் என்றும், நாதம் மிகுந்திருப்பதைச் செவியால் உணர்ந்த ஆசிரியர் பின்னர் உசாவி அறிந்து அதனை ஏற்றுக்கொண்டார் என்றும் ஒரு செய்தி வழங்கி வருகிறது. கண்டிப்பு மிக்க ஆசிரியரிடம் பல ஆண்டுகள் பயின்ற மாணவர், அனுமதி கேட்கவும் அஞ்சி, மாற்றத்தைக் கைவிடவும் மனமின்றி மேடையேறி அமர்ந்த அந்த மாலையை எண்ணிப் பாருங்கள். ஆசிரியரின் செவியே தேர்வுக் கூடம்; அவரது தலையசைப்பே தேர்ச்சி.

பாடுவோர்க்குத் தோள் கொடுத்தவர்

அக்காலத்தில் தென்னாட்டில் வயலின் மும்மூர்த்திகள் என மூவரைச் சொல்லுவர். விஜயநகரத்துத் துவாரம் வேங்கடசுவாமி நாயுடு ஒருவர். கும்பகோணம் இராஜமாணிக்கம் பிள்ளை ஒருவர். மைசூர் சௌடய்யா மற்றொருவர். தெலுங்கு நாடு, தமிழ்நாடு, கன்னட நாடு என மூன்று நாடுகளும் ஒவ்வொருவரைத் தந்து ஒரே இசைக்கு அணி செய்தன.

அரியக்குடி இராமானுச அய்யங்கார், முசிரி சுப்பிரமணிய அய்யர், செம்பை வைத்தியநாத பாகவதர், செம்மங்குடி சீனிவாச அய்யர், ஜி. என். பாலசுப்பிரமணியம் முதலிய பெரும் பாடகர்களுக்கெல்லாம் சௌடய்யா பக்க வாத்தியம் வாசித்தார். புல்லாங்குழல் மாலி என்னும் மகாலிங்கத்துக்கும் வாசித்தார். இவர்களுள் செம்பைக்கும் அவருக்கும் இருந்த இணக்கம் தனிப் புகழ் வாய்ந்தது. வெண்கலக் குரல் படைத்த செம்பையும், ஏழு தந்தி சௌடய்யாவும், மிருதங்கப் புலி பாலக்காடு மணி அய்யரும் ஒரே மேடையில் அமர்ந்தால், பந்தலுக்கு வெளியேயும் மக்கள் நெருக்கியடித்து நிற்பர். 1943-ஆம் ஆண்டில் சௌடய்யா தாமே முயன்று தயாரித்த வாணி என்னும் கன்னடத் திரைப்படத்தில் இம்மூவரும் சேர்ந்து இசைக்கும் காட்சி இடம்பெற்றது. திரைப்படத் துறையில் கால் வைக்கும் துணிவும் அவருக்கு இருந்தது.

நம் பெங்களூரும் அவரை நன்கறியும். சாமராசப்பேட்டையில் 1939-ஆம் ஆண்டு முதல் இராமநவமி இசை விழாவை நடத்திவரும் ஸ்ரீராமசேவா மண்டலியின் பந்தலில், கன்னடரும் தமிழரும் தெலுங்கரும் அருகருகே அமர்ந்து இசை கேட்கும் வழக்கம் இன்றும் மாறவில்லை. தண்டுப் பகுதியிலிருந்தும் அல்சூரிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் கோடை மாலைகளில் அங்கே சென்று அமர்வது நெடுநாளைய வழக்கம். சௌடய்யா போன்றோரின் இசையை அத்தகைய பந்தல்களே எல்லோருக்கும் பொதுவாக்கின.

பெருமைகளும் அவரை நாடி வந்தன. 1939-இல் மைசூர் சமஸ்தானத்தின் ஆஸ்தான வித்துவானானார். 1957-ஆம் ஆண்டில் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டமும், சங்கீத நாடக அகாடமியின் விருதும் அவரை அடைந்தன. பக்க வாத்தியக்காரருக்கு அகாடமியின் தலைமை இருக்கை கிடைத்தல் அக்காலத்தில் அரிதினும் அரிது. மைசூரில் அய்யனார் இசைக் கல்லூரியைத் தோற்றுவித்து மாணவர்க்குக் கற்பித்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்து அவரிடம் பயின்று புகழ்பெற்றவருள் கண்டதேவி அழகிரிசுவாமி குறிப்பிடத்தக்கவர்.

1967-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள் சௌடய்யா இயற்கை எய்தினார். நான்கு நாட்கள் கழித்து, ஜனவரி 23-ஆம் நாள், அரியக்குடி இராமானுச அய்யங்காரும் மறைந்தார். பல மேடைகளில் அருகருகே அமர்ந்த இருவரும் ஒரே வாரத்தில் பிரிந்தமை இசையுலகுக்குப் பேரிழப்பாயிற்று.

ஒலிபெருக்கி வந்த பின்

இனி இவ்வாழ்க்கையில் உள்ள ஒரு முரணைக் காண்போம். 1930-களில் ஒலிபெருக்கிகள் கச்சேரி மேடைகளில் பரவத் தொடங்கின. எந்தக் குறையை நீக்குதற்காகச் சௌடய்யா மூன்று தந்திகளைச் சேர்த்தாரோ, அக்குறையை அச்சிறு கருவி எளிதில் நீக்கிவிட்டது. மெல்லிய குரலும் கடைசி வரிசையை எட்டியது. நான்கு தந்தியும் மண்டபத்தை நிறைத்தது. ஏழு தந்தியின் முழக்கம் மிகையென்றும், மென்குரல் பாடகர்க்கு அது பொருந்தாதென்றும் குறை கூறினோரும் உண்டு.

ஆயினும் சௌடய்யா அதனைக் கைவிட்டாரில்லை. நாற்பது ஆண்டுகள், தம் வாழ்நாள் முடியும்வரை, அதுவே அவரது கருவியாயிருந்தது. இதற்குப் பிடிவாதம் மட்டுமே காரணமாகாது. தேவையின் பொருட்டுத் தோன்றிய ஒரு வடிவம், காலப்போக்கில் ஒருவரின் குரலாகவே ஆகிவிடுதல் கலையுலகில் இயல்பு. நாலைந்து சுரங்கள் கேட்டவுடனே இவர் சௌடய்யா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்படி அந்நாதம் அமைந்துவிட்டது. ஆனால் அவருக்குப் பின் வந்த வயலின் வித்துவான்கள் நான்கு தந்தியையே பெரிதும் போற்றினர். எனவே இன்று ஏழு தந்தியின் நாதத்தைக் கேட்க விரும்புவோர்க்குப் பழைய இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களுமே புகலாயின.

இசைத்தட்டில் எஞ்சியது யாது?

பெங்களூரின் இளைஞர் பலர், மேலை நாட்டுக் கிதார் இசையில் ஈடுபாடு கொண்டு, அறுபது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த தட்டுகளின் நாதத்தை அப்படியே மீட்டெடுக்க முயல்வதை நாம் கண்டிருக்கிறோம். எந்தக் கிதார், எத்தகைய தந்தி, எந்த ஒலிபெருக்கி என்று அவர்கள் இரவும் பகலும் ஆராய்கின்றனர். அவர்கள் போற்றும் கருவிகளுள் பன்னிரண்டு தந்திக் கிதாரும் ஒன்று. ஆறு தந்திகளுக்கும் ஒவ்வொரு துணைத் தந்தி சேர்த்த கருவி அது. 1964-இல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் அதன் மின்வடிவை வாசித்தது முதல் அதன் நாதம் உலகெங்கும் பரவியது. இரட்டைத் தந்தியின் இன்பத்தை நாடும் அவ்விளைஞருக்கு, தம் ஊருக்கு அருகிலேயே, அதற்கும் முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்னரே, ஒருவர் வயலினில் இரட்டைத் தந்தி கட்டினார் என்னும் செய்தியை யாரேனும் சொல்லியிருப்பரோ?

அவர்களைப் போலவே, நம் வீட்டில் வயலின் பயிலும் பிள்ளை ஒருவன் சௌடய்யாவின் நாதத்தை மீட்டெடுக்க விழைந்தால், அவனுக்கு நாம் முதலில் ஓர் உண்மையை உரைத்தல் வேண்டும். எந்த முழக்கத்தின் பொருட்டு அவர் ஏழு தந்தி கட்டினாரோ, அந்த முழக்கம் இசைத்தட்டில் இல்லை. திருகியைத் திருப்பினால் எந்தத் தட்டும் உரக்க ஒலிக்கும். எதிர்ப்புறம் திருப்பினால் எந்த மேதையும் முணுமுணுப்பார். பந்தலின் கடைசியில் நின்ற மனிதர் அடைந்த வியப்பைப் பதிவு செய்ய எந்தக் கருவியாலும் இயலவில்லை.

வேறு சில குறைகளும் உண்டு. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேற்பட்டே ஓடும். ஒரு மணி நேர விரிவை அதில் அடக்குதற்கு வித்துவான்கள் தம் கற்பனையைச் சுருக்கிக்கொண்டனர். நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பொது அளவாயினும், எல்லாத் தட்டுகளும் அவ்வேகத்திலேயே பதிவாயின என்று கொள்ளுதற்கில்லை. வேகம் சிறிது மாறினாலும் சுருதி மாறும். சுருதி மாறினால் நாதத்தின் நிறமே மாறும். கச்சேரிகளின் ஒலிநாடாப் பதிவுகளிலோ, ஒலிவாங்கி பாடகரின் முன் இருந்தமையால் வயலின் தொலைவில் நின்று பேசுவது போலக் கேட்கும். இக்காலத்தில் கணினியைக் கொண்டு இரைச்சலை நீக்குவோர், வில் தந்தியைக் கவ்வும் நுண்ணொலியையும் அவ்விரைச்சலோடு நீக்கிவிடுதல் உண்டு.

மீட்டெடுக்கும் வழி

அவ்வாறாயின் முயற்சி வீண் என்று சோர்வடைதல் வேண்டுமா? வேண்டா. தட்டில் இல்லாதது இன்னதென்று அறிந்தவனே, தட்டில் இருப்பதைச் செவ்வையாகப் பெறுவான்.

முதலாவது, சுருதியை நிலைநாட்டுக. தம்பூராவை மீட்டிப் பதிவின் ஆதார சட்சத்தோடு ஒத்துப் பார்த்து, பாடகரின் குரல் இயல்பாக ஒலிக்கும் அளவுக்கு வேகத்தைச் செப்பம் செய்க. இரண்டாவது, ஒரு சிறு சங்கதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனை வாயாற் பாடிப் பழகுக. பல ஆண்டுகள் பாட்டைக் கேட்டே வயலின் கற்றவரின் வாசிப்பைப் பாடாமலே கற்றல் இயலாது. மூன்றாவது, சுருதி மாறாமல் வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் வசதி இக்காலத்தில் உண்டு. அதனைக் கொண்டு வில் எங்கே திரும்புகிறது என்று கேட்க. ஒரே வில்லில் எத்தனை சுரங்கள் அடங்குகின்றன, அழுத்தம் தொடக்கத்தில் உள்ளதா நடுவில் உள்ளதா என்பதைக் குறித்துக்கொள்க. விரல் செய்யும் வேலையைப் பலரும் கவனிப்பர். நாதத்தின் பருமன் வில்லிலேயே உள்ளது.

நான்காவதாகச் சொல்வது தலையாயது. சௌடய்யாவை மட்டும் கேட்டல் ஆகாது. அவர் யாருக்கு வாசிக்கிறாரோ அவரையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். பாடகர் மேல் சட்சத்தில் நிற்கும்போது வயலின் என் செய்கிறது? குரல் இறங்கி ஓயும்போது அது எவ்வாறு அவ்விடைவெளியை நிரப்புகிறது? தன் முறை வரும்போது மட்டும் எவ்வாறு முழு வலிமையோடு எழுகிறது? இவற்றைக் கேட்டறிந்தவன் கையில் நான்கே தந்தி இருப்பினும், சௌடய்யாவின் சாயல் தானே வந்து படியும். இவற்றைக் கேளாதவன் பத்துத் தந்தி கட்டினும் பயனில்லை.

இரண்டு தந்தி சேர்ந்தால் நாதம் இருமடங்காகும் என்று கணக்கிடுதலும் பிழையே. செவி அவ்வாறு கணக்கிடுவதில்லை. இரண்டு தந்தியினால் கிடைத்தது செறிவு. மண்டபத்தைத் தாண்டிச் சென்றது அவ்விரண்டையும் ஓரொலியாக்கிய கையின் பயிற்சி. அப்பயிற்சிக்கு அடிப்படை, கடைசியில் நிற்பவனையும் மறவாத உள்ளம்.

மண்டபம் சொல்லும் பாடம்

சௌடய்யாவின் நினைவு அழியாதிருக்க விரும்பிய கே. கே. மூர்த்தி அவர்கள், அகாடமி ஆஃப் மியூசிக் என்னும் அமைப்பின் வாயிலாக அரும்பாடுபட்டு, ஏழு தந்தி வயலின் வடிவிலேயே நினைவு மண்டபத்தை எழுப்பினார்கள். 1980-ஆம் ஆண்டில் அது திறக்கப்பெற்றது. ஏறத்தாழ 1,100 பேர் அமரும் அம்மண்டபத்தில் கடைசி வரிசையில் அமர்ந்தவருக்கும் இசை தெளிவாகக் கேட்கிறது. சௌடய்யா தம் கையாற் செய்ய முயன்றதை, அவர் பெயர் தாங்கிய மண்டபம் தன் சுவர்களால் செய்து நிற்கிறது.

முக்கூடலிற் பிறந்த கன்னட உழவர் மகன், ஐரோப்பாவிலிருந்து வந்த கருவியை ஏந்தி, தெலுங்குக் கீர்த்தனைகளைப் பாடிய தமிழ்ப் பாடகர்களுக்குத் தோள் கொடுத்து, பாலக்காட்டு மிருதங்கத்தின் அருகே அமர்ந்து, நம் எல்லோருக்கும் பொதுவான இன்பத்தை வழங்கினார். அடுத்த முறை நம் பிள்ளைகள் அம்மண்டப வாயிலில் நின்று ஏழு தந்திகளையும் எண்ணி, ஏன் ஏழு என்று வினவும்போது, நாம் விடை கூறாது உள்ளே செல்லுதல் வேண்டா. கடைசி வரிசையில் நிற்கும் மனிதருக்கும் கேட்க வேண்டும் என்று ஒருவர் விரும்பினார். அதற்காக மூன்று தந்திகளைச் சேர்த்தார் என்று சொல்வோமாக. அன்றிரவே அவருடைய பழைய பதிவு ஒன்றை வீட்டில் ஒலிக்கச் செய்து, பிள்ளைகளோடு உடனமர்ந்து கேட்போமாக.

வாழ்க இசை! வளர்க இரு நாட்டார் நட்பு!